மறையூருக்குப் போன வெள்ளச்சி

கொழிஞ்சாம்பாறையிலிருந்து மறையூருக்குப் போகிறவன் கேரளத்தில் கிளம்பி, பொள்ளாச்சியில் காப்பி குடித்து, உடுமலைப்பேட்டையில் சாப்பிட்டு, மறுபடியும் கேரளத்தில் போய் இறங்க வேண்டும். சொந்த ராஜ்யத்துக்குள்ளேயே போய்ச் சேர இரண்டு எல்லையைத் தாண்டுகிற கூத்து வேறெங்காவது உண்டா என்று எனக்குத் தெரியாது. அதையும் மடியில் ஒரு பூனையை வைத்துக்கொண்டு தாண்டினால் என்ன ஆகும் என்பதை எழுபதுகளின் நடுவில் ஒரு மார்கழி மாதத்தில் அனுபவித்துத் தெரிந்துகொண்டேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் என் தங்கை சரசு எழுதிய கடிதம். மறையூரில் கரும்பு வைத்து, தானே ஆலையும் போட்டு வெல்லம் காய்ச்சுகிறவருக்கு வாழ்க்கைப்பட்டவள் அவள். "அண்ணா, இங்கே எலித் தொந்தரவு தாங்கவில்லை. நம் வீட்டு வெள்ளச்சியின் குட்டி ஒன்று கொண்டுவந்து கொடுத்தால் போதும். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்" என்று எழுதியிருந்தாள்.

கடைசி வரியைப் படித்ததும் என் சம்சாரம் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மறையூரில் பூனைக்கா பஞ்சம்? அவள் கேட்டது பிறந்த வீட்டை. அதை நேராகக் கேட்க முடியாமல் பூனையைக் கேட்டிருந்தாள்.

ஏன் நேராகக் கேட்க முடியாது என்றால், அதற்குக் காரணம் என் வாய். நாலு வருஷத்துக்கு முன்னால் என் மகளுடைய காதுகுத்துக்கு மாப்பிள்ளை, அதாவது சரசுவின் புருஷன், தன் ஆலையில் காய்ச்சிய வெல்லத்தை ஒரு கூடை நிறையக் கொண்டுவந்திருந்தார். பந்தியில் உட்கார்ந்து ஒரு துண்டை வாயில் போட்டேன். கடக் என்றது. துப்பினேன். துப்பியதோடு நிறுத்தியிருக்கலாம். "என்னங்க மாப்ளே, கல்லப் போட்டு எடையேத்தறீங்களா?" என்று பந்திக்கே கேட்கும்படி கேட்டு வைத்தேன். எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை பாதி இலையில் எழுந்து கை கழுவினார். சரசுவைக் கூட்டிக்கொண்டு போனவர் அதற்குப் பிறகு எங்கள் வாசலை மிதிக்கவில்லை, அவளையும் மிதிக்க விடவில்லை. நாலு பொங்கல் போய்விட்டது.

இனி பூனையைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் அம்மா கலியாணமாகி வந்தபோது பித்தளைப் பாத்திரங்களோடு ஒரு கூடையில் வெள்ளைப் பூனை ஒன்றும் வந்ததாம். நெல் குதிருக்குக் காவலாக வந்தவள் அவள். அவள் மகள், மகளின் மகள் என்று இன்று வரைக்கும் எங்கள் வீட்டில் அந்த வம்சம்தான். மலையாளத்துக் குடும்பங்களில் சொத்து தாய்வழி போகும் என்பார்கள். எங்கள் வீட்டில் மனிதர்கள் அப்பன்வழி, பூனைகள் தாய்வழி. நில உச்சவரம்புச் சட்டம் வந்து எங்கள் காட்டில் பாதி கைவிட்டுப் போனது. வெள்ளச்சிகளின் எல்லையில் ஒரு சாண் குறையவில்லை.

ஆமாம், எல்லாப் பூனைக்கும் ஒரே பெயர், வெள்ளச்சி. ஊரிலுள்ள கடுவன் பூனைகளின் புண்ணியத்தில் நிறம் மட்டும் தலைமுறைக்குத் தலைமுறை கெட்டுக்கொண்டே வந்தது. நான் மறையூருக்குக் கொண்டுபோன மகள் வெள்ளச்சி அடுப்புக்கரி நிறம்.

நான் பூனைக்காக உயிரை விடுகிற ஆள் இல்லை. காலையில் பேப்பர் விரித்தால் எந்த வரியைப் படிக்கிறேனோ அந்த வரிமேல்தான் வந்து உட்காரும். விரட்டினால் என்னவோ நான் அதன் பேப்பரைப் படிப்பதுபோல ஒரு பார்வை பார்க்கும். ஆனால் ஒரு தடவை காய்ச்சலில் ஒரு வாரம் கிடந்தபோது என் கால்மாட்டை விட்டு நகராமல் கிடந்ததும் அதுதான். வீட்டில் மற்றவர்கள் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். பூனைக்கு வேலை இல்லை என்பீர்கள். இருக்கட்டும், வேலையில்லாதவர்கள் எத்தனை பேர் வந்து உட்கார்ந்தார்கள்?

கிளம்புகிற அன்று விடியற்காலை என் சம்சாரம் பூனையைக் கோணிச்சாக்கில் போட்டு, மூச்சு விட வழி வைத்து, வாயைக் கட்டினாள். வழி தெரிந்தால் திரும்பி வந்துவிடுமாம். "ஏனுங்க, நல்லாக் கேட்டுக்கங்க. அங்க போனதும் அந்த ஊட்டு ஆம்பள பூனையத் தூக்கி அடுப்ப மூணு சுத்துச் சுத்தோணும். அவுரு கையாலயே பால் வெக்கோணும். அப்பத்தான் அது அந்த ஊடுன்னு நெனைக்கும். இல்லாட்டி மூணாம் நாள் கெளம்பீரும். ரோட்டுல அடிபட்டுச் செத்தா அந்தப் பாவம் உங்க தலையில."

"அவுரு என்ற மூஞ்சியவே பாக்க மாட்டாரு. அடுப்பச் சுத்துவாராக்கும்?"

"அதுக்குத்தான் உங்கள அனுப்பறேன். வாய்க்கு வந்ததப் பேசிச் சிந்தறது நீங்க, அதப் பொறுக்கிச் சேக்கறது நானுங்களா?" என்றாள். புளிச்சோற்று மூட்டையைக் கையில் திணித்துக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பொள்ளாச்சியில் ஏறிய பஸ் அரை மைல் போவதற்குள் சாக்கு "மியாவ்" என்றது. டிரைவர் பிரேக் போட்டார். "யாருங்க பூனை வெச்சிருக்கறது? பூனை குறுக்க வந்தா நான் வண்டிய எடுக்கறதில்லீங்க" என்றார்.

பக்கத்துச் சீட்டில் மூணாறு பக்கத்துப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், மலையாளி. "குறுக்கே போனால்தானே சகுனம்? இது நம்மோடு கூடவே அல்லவா வருகிறது?" என்று அவர் மலையாளத்தில் வாதாடினார். பாதி பஸ் அவர் கட்சி சேர்ந்தது. முன்சீட்டுப் பெரியவர் ஒருவர் மட்டும், "அதெப்படிங்க? வளைவுல வண்டி திரும்பறப்ப உள்ளயிருக்கிற பூனையும் குறுக்கதானுங்க திரும்புது?" என்று கேட்டு எல்லோரையும் குழப்பிவிட்டார். மலைப்பாதையில் எத்தனை வளைவு என்று டிரைவர் யோசிக்க ஆரம்பித்தார். கடைசியில் கண்டக்டர் தீர்ப்புச் சொன்னார். டிரைவருக்குப் பின்னால் வருகிற பூனைக்குச் சகுனம் கிடையாது, ஆகவே பூனை கடைசிச் சீட்டுக்குப் போக வேண்டும். பூனையோடு நானும் போனேன். பேச்சு விட்டுப்போகக் கூடாது என்று வாத்தியாரும் கூடவே வந்தார்.

வாத்தியார் கதை சொல்ல ஆரம்பித்தார். எகிப்து தேசத்தில் வீட்டுப் பூனை செத்தால் வீட்டார் எல்லோரும் புருவத்தை மழித்துக்கொண்டு துக்கம் கொண்டாடுவார்களாம். மிளகு ஏற்ற வந்த கப்பல்களில் எலிக்குக் காவலாகப் பூனைகளும் வருமாம். "நம் பூனைகளில் பாதிப் பேர் அப்படிக் கப்பலில் இருந்து இறங்கித் திரும்பப் போகாதவர்களாக இருக்கலாம்" என்றார். "எங்க பூனை மாட்டுவண்டியில வந்ததுங்க" என்றேன். அவர் அதையும் மரியாதையாகவே கேட்டுக்கொண்டார்.

கடைசிச் சீட்டில் நாலு பெண்கள், எஸ்டேட்டுக்குப் போகிறவர்கள். அப்போது தமிழ்நாட்டிலிருந்து கேரளத்துக்கு அரிசி கொண்டுபோகத் தடை. நாலு பேருமே உட்கார்ந்திருந்த விதத்தில் ஏதோ கோளாறு தெரிந்தது. அதில் ஒருத்திக்கு எட்டு மாத வயிறு. பஸ் குலுங்கும்போதெல்லாம் அந்த வயிறு ஒருபக்கமாகச் சரிந்தது, அவள் அதைத் தள்ளி நேராக்கிக்கொண்டாள்.

எல்லைச் செக்போஸ்டில் ஒரு சிப்பந்தி ஏறினார். நேராக என் மடியைப் பார்த்தார்.

"சாக்குல என்ன?"

"பூனைங்க."

"போன வாரம் ஒருத்தன் தவிடுன்னான். அவுக்காமயே கண்டுபிடிச்சேன்" என்று சொல்லிக்கொண்டே, மூச்சுக்கு வைத்திருந்த ஓட்டையில் கையை விட்டார்.

அவர் போட்ட சத்தத்தில் செக்போஸ்டில் தூங்கிக்கொண்டிருந்த இன்னொருவர் எழுந்து வெளியே ஓடிவந்தார். அதற்குப் பிறகு கடைசிச் சீட்டில் எந்த மூட்டையையும், எந்த வயிற்றையும் யாரும் தொடவில்லை. சிப்பந்தி விரலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே, "போகலாம் ரைட்" என்றார்.

இரண்டு வளைவு தாண்டியதும் அந்த எட்டு மாதக்காரி வயிற்றை அவிழ்த்துச் சீட்டுக்கடியில் வைத்தாள். ஆறேழு படி அரிசி தேறும். என் சாக்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "என் கொலசாமி! அண்ணாச்சி, கட்ட அவுத்து விடுங்க, நான் மடியில வச்சிக்கிடுதேன். பேரு என்ன?"

"வெள்ளச்சி."

அவள் பூனையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "இதுவா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு சுட்ட கருவாட்டைப் பிய்த்துப் பிய்த்து ஊட்டினாள். மறையூர் வரைக்கும் வெள்ளச்சி கண்ணை மூடிக் குர்ர்ர் என்று அவள் மடியில் கிடந்தது. வழி தெரியக்கூடாது என்கிற விதி என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள், அதற்குக் கருவாடுதான் தெரிந்தது.

மறையூரில் இறங்கியபோது சாயங்காலம். எங்கள் பக்கத்துக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து ஆளைத் தள்ளும், வேட்டியை உருவும். இங்கே காற்று ஓசைப்படாமல் வந்து எலும்பில் உட்காருகிறது. ஊர் முழுக்க வெல்லம் காயும் மணம். சரசு கரும்புக்காட்டு வரப்பில் ஓடிவந்தாள். "அண்ணா!" என்றவள் என்னைத் தாண்டிச் சாக்கைத்தான் முதலில் வாங்கினாள். அவிழ்த்து, பூனையின் தலையில் முகத்தை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். "நம்மூட்டு வாசம் அடிக்குதுங்ணா" என்றாள். அது கருவாட்டு வாசம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மாப்பிள்ளை ஆலைக்கொட்டகை வாசலில் நின்றார். வந்தவனை "வாங்க" என்று சொல்லாமல் இருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று நம் ஜனங்களுக்குத் தெரியும். அவர் என்னைப் பார்க்கவில்லை. பூனையைப் பார்த்து, "வா வெள்ளச்சி, நீயாச்சும் வந்தயே" என்றார்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. நானும் பூனையைப் பார்த்தே சொன்னேன்: "வெள்ளச்சி, உன்னத்தான் வான்னாரு. என்னயில்ல. அடுப்பச் சுத்திப் பால் வெக்கச் சொல்லு, நான் அடுத்த பஸ்ஸுக்குக் கெளம்பறேன்."

"வெள்ளச்சி, என்ற சர்க்கரை கல்லுன்னு சொன்ன ஊட்டுச் சீரெல்லாம் நான் கையால தொடறதில்லீன்னு சொல்லீரு" என்றார் மாப்பிள்ளை. எங்கள் பக்கம் வெல்லத்தைச் சர்க்கரை என்றுதான் சொல்வோம்.

சரசு என்னைப் பஸ் ஏற விடவில்லை. அன்று தொடங்கி அந்த வீட்டில் எல்லாப் பேச்சும் பூனை வழியாகவே நடந்தது. சரசு எனக்காக அரிசியும் பருப்பும் சோறு பொங்கி நெய் ஊற்றிப் போட்டாள். நாலு வருஷம் கழித்து அவள் கைச் சோறு. நான் இடதுபக்கம் மெல்லாமல் வலதுபக்கமாகவே மென்றேன். அதற்கு ஒரு காரணம் உண்டு, பிறகு சொல்கிறேன். பக்கத்து இலையிலிருந்து மாப்பிள்ளை, "வெள்ளச்சி, இன்னுங் கொஞ்சம் போட்டுக்கலாமுன்னு சொல்லு, வெக்கப்பட வேண்டாம்" என்றார். "போதுமுன்னு சொல்லு வெள்ளச்சி" என்றேன். வெள்ளச்சி சொல்லவில்லை. அது கூரையடி அட்டத்தில் ஏறிக்கொண்டு இறங்க மாட்டேன் என்று கத்திக்கொண்டிருந்தது.

இரண்டாம் நாள் எங்கள் வம்ச மானம் போனது. பூனை இறங்கி வந்து சமையற்கட்டு மூலையில் உட்கார்ந்தது. அதன் மூக்குக்கு முன்னால் ஒரு எலி வந்தது, இன்னொன்று வந்தது. நிதானமாக ஒரு தேங்காய்ச் சில்லை இரண்டும் சேர்ந்து இழுத்துக்கொண்டு போயின. வெள்ளச்சி வேறு பக்கம் பார்த்தது.

"எலியப் பாத்து ஒறம்பரை விருந்துக்கு வந்திருக்குதுன்னு நெனைச்சுட்டு எடம் உட்டு உக்காந்திருக்குது" என்றார் மாப்பிள்ளை சுவரைப் பார்த்து. ஆலையில் அடுப்பெரிக்கிற ஆட்கள் வரைக்கும் அந்தப் பேச்சு போய், எல்லோரும் சிரித்தார்கள். பந்தியில் சிரிப்பு வாங்கினால் எப்படி இருக்கும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நன்றாக இல்லை.

மூன்றாம் நாள் காலையில் பூனையைக் காணோம்.

பால் விடாத கட்டங்காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்றேன். சரசு கரும்புக்காடு முழுக்க "வெள்ளச்சி, வெள்ளச்சி" என்று கூப்பிட்டுவிட்டு வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் நின்று அழுதாள். "நாலு பொங்கலாச்சு. பொறந்த ஊட்டுப் படிய மிதிக்கலீங்க. ஒரு வார்த்தை கேட்டிருப்பனா? ஒரு பூனை கேட்டேன். ரெண்டு பேரும் ஆம்பளைங்கதான? ஒரு பூனைய ஒரு அடுப்பச் சுத்த முடியலயா உங்களால?" என்றாள்.

அவள் அழுது நான் பார்த்ததே இல்லை. கலியாணத்தன்று வண்டி ஏறும்போதுகூடச் சிரித்துக்கொண்டே போனவள். எனக்கு என்னை நினைத்தே வெட்கமாக இருந்தது. நான் ரோட்டுப் பக்கம் தேடப் போனேன், மாப்பிள்ளை ஓடைப் பக்கம் போனார். அப்போதும் ஒரே பக்கம் போகவில்லை, பாருங்கள்.

ரோட்டில் ஒவ்வொரு லாரி போன பிறகும் சக்கரத் தடத்தைக் குனிந்து பார்த்தேன். ஒரு மணி நேரம் அலைந்து ஒன்றும் அகப்படாமல் ஆலைக்கொட்டகையின் பின்பக்கமாகத் திரும்பி வந்தேன். கரும்புச் சக்கைக் குவியலுக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளையின் குரல் கேட்டது.

எட்டிப் பார்த்தேன். வெல்லம் காய்ச்சுகிற பெரிய கொப்பரை அடுப்பின் ஓரத்தில், வெதுவெதுப்பான சாம்பல்மேட்டில் வெள்ளச்சி கால் நீட்டிப் படுத்திருந்தது. பக்கத்தில் கடித்துப் போட்ட எலி ஒன்று. மாப்பிள்ளை குந்த வைத்து உட்கார்ந்து அதன் தாடையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"உனக்குத் தெரியுமா சாமி? அந்தக் காதுகுத்துக்கு நானே நின்னு காச்சினேன். ஆளுக்காரங்ககிட்ட உடல. துணியில ரெண்டு தடவ வடிகட்டினேன். மச்சான் ஊட்டுக்குப் போற சர்க்கரையாச்சேன்னு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். "அத்தனை பேருக்கு முன்னால கல்லுன்னுட்டாரு."

அங்கே நின்ற நேரத்தில் என் நாக்கு தானாகப் போய் இடது கடைவாயைத் தடவியது. நாலு வருஷமாக அது அங்கேதான் போகும். பிறகு சொல்கிறேன் என்றேனே, அது இதுதான். காதுகுத்து முடிந்த மறுநாள் பல் விளக்கும்போது பார்த்தேன், என் சொத்தைப் பல்லில் பாதியைக் காணவில்லை. அன்றே எனக்குத் தெரியும். சம்சாரத்திடம்கூடச் சொல்லவில்லை. இத்தனை பேர் சிரித்த பிறகு எப்படிச் சொல்வது என்று ஒரு நாள் தள்ளினேன், அது நாலு பொங்கலாக நீண்டுவிட்டது.

சக்கைக் குவியலைச் சுற்றிக்கொண்டு போய் எதிரே உட்கார்ந்தேன். மாப்பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கும் பூனையைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

"வெள்ளச்சி, அது கல்லு இல்ல. என்ற பல்லு. ஒடஞ்சது என்ற சொத்தப் பல்லு. மறுநாளே எனக்குத் தெரியும். மானக்கேடுன்னு கம்முனு இருந்துட்டேன். சரசுவ நாலு வருசம் அழுக உட்டது நாந்தான். தப்பு என்ற மேலதான்னு உன்ற எசமாங்கிட்டச் சொல்லு."

அடுப்பெரிக்கிறவர் விறகை அப்படியே கையில் பிடித்துக்கொண்டு நின்றார். மாப்பிள்ளை மெல்லத் திரும்பினார். நாலு வருஷத்தில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"வாயத் தொறங்க மச்சான்" என்றார்.

"என்னங்க?"

"தொறங்கங்கறேன்."

திறந்தேன். தாடையைப் பிடித்து அடுப்பு வெளிச்சத்துப் பக்கம் திருப்பினார், மாட்டுச் சந்தையில் பல் பார்க்கிற மாதிரி. விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். அதோடு விடவில்லை. "எல்லாரும் வாங்கப்பா, வந்து பாருங்க" என்று ஆலை ஆட்களை எல்லாம் கூப்பிட்டார். ஒவ்வொருவராக வந்து குனிந்து என் வாய்க்குள் பார்த்துவிட்டுப் போனார்கள். "ஆமாங்கய்யா, பாதிதான் இருக்கு" என்று அடுப்பெரிக்கிறவர் சாட்சி சொன்னார். மாப்பிள்ளை சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, துண்டால் துடைத்துக்கொண்டே பூனையை எடுத்துத் தோளில் போட்டார்.

"சரசு! பால் கொண்டா!" என்று கத்தினார். அவள் செம்போடு ஓடி வருவதற்குள் அந்தப் பெரிய அடுப்பை மூன்று சுற்றுச் சுற்றி முடித்தார். தன் கையாலேயே பாலை வைத்தார். வெள்ளச்சி குடித்தது. சரசு ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுகையால் என் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். அவ்வளவும் எனக்குச் சேர வேண்டியதுதான்.

ஒன்றை மட்டும் அந்தச் சந்தோஷத்தில் யாரும் கவனிக்கவில்லை. சுற்ற வேண்டியது வீட்டு அடுப்பை. அவர் சுற்றியது ஆலை அடுப்பை. நான் ஊர் திரும்பிய ஒரு வாரத்தில் கடிதம் வந்தது. வெள்ளச்சி ஆலைக்கொட்டகையைத் தன் பேருக்கு எழுதி வாங்கிக்கொண்டதாம். அங்கே எலி வாடையே இல்லையாம். வீட்டுப் பக்கம் எட்டியும் பார்ப்பதில்லையாம், சமையற்கட்டில் எலிகள் முன்னைப் போலவே குடும்பம் நடத்துகின்றனவாம். "வீட்டுக்கு இன்னொரு பூனை வேண்டும். எடுத்துப் போக நாங்களே வருகிறோம்" என்று முடித்திருந்தாள் சரசு.

மாட்டுப் பொங்கல், எங்கள் பக்கத்துப் பட்டிப் பொங்கலன்று வந்து இறங்கினார்கள். "பூனைக்குத்தான் வந்தனுங்க மச்சான்" என்று வாசலிலேயே சொல்லிவிட்டார் மாப்பிள்ளை. தோளில் ஒரு கூடை வெல்லம். சரசு படியேறியதும் கிழட்டுத் தாய் வெள்ளச்சி எங்கிருந்தோ வந்து அவள் காலில் உரசியது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அதை மடியில் வாரிக்கொண்டாள்.

பொங்கல் பானையில் வெல்லம் போடுகிற நேரம். கரைத்து வடிகட்டத்தான் என் சம்சாரம் துணியை எடுத்தாள். "எதுக்குங்க அண்ணி? அவுரு ரெண்டு தடவ வடிகட்டித்தான் காச்சுவாரு" என்றாள் சரசு. சம்சாரம் என்னைப் பார்த்தாள். மாப்பிள்ளையும் என்னைப் பார்த்தார்.

"அப்படியே கொட்டு" என்றேன்.

நாலு வருஷத்துக்கு முன் அவர் எழுந்துபோன அதே இடத்தில் இலை போட்டு உட்கார்ந்தோம். பக்கத்தில் மாப்பிள்ளை, எதிரே மடியில் பூனையோடு சரசு. முதல் கவளத்தை வாயில் போட்டேன். வலதுபக்கம்தான் மென்றேன்.

கடக்.

மாப்பிள்ளையின் கை பாதி வழியில் நின்றது. சரசு பூனையைத் தடவுவதை நிறுத்தினாள். நாக்கால் துழாவினேன். வலதுபக்கத்தில் என் பல் ஒவ்வொன்றும் முழுதாக, பத்திரமாக இருந்தது.

"என்னங்க மச்சான்... கல்லுங்களா?" என்றார் மாப்பிள்ளை.

ஒரே முழுங்காக முழுங்கினேன்.

"பல்லுதானுங்க மாப்ளே" என்றேன். "இன்னுங் கொஞ்சம் போடச் சொல்லுங்க."